செல் சிக்னல் புரோட்டீனும் கேன்சர் மருந்தும்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

பயாப்ஸி ரிப்போர்ட்ல "ஹெர்2 பாசிட்டிவ்", "இஜிஎஃப்ஆர் மியூட்டேஷன் இருக்கு", "கே-ராஸ் வைல்ட் டைப்"னு ஏதோ ஒரு வரி இருக்கும், டாக்டர் அத பாத்துட்டு கீமோ இப்ப வேணாம் மாத்திரை குடுக்கலாம்னு சொல்லிட்டு அடுத்த பேஷண்ட பாக்க போயிருப்பாரு. அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னு கேக்குறவங்களுக்காக எழுதினது இது. நான் இந்த சப்ஜெக்ட்ட படிச்ச ஆளு, வைத்தியம் பாக்குற ஆளு இல்ல. அதனால யாருக்கு எந்த மருந்துன்னு இங்க சொல்ல மாட்டேன், அது எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும்தான்.

செல் சிக்னல்னா முதல்ல என்னங்க?

ஒரு செல் வளரணுமா, ரெண்டா பிரியணுமா, சும்மா இருக்கணுமா, இல்ல செத்துப் போகணுமான்னு அது தனியா முடிவு எடுக்குறதில்ல. பக்கத்து செல்லு, ரத்தத்துல வர்ற ஹார்மோன், வளர்ச்சி காரணின்னு சொல்ற குட்டி புரோட்டீனுங்க, இவங்க எல்லாம் வந்து சொல்லணும். சொல்றதுன்னா எப்படின்னா, செல்லோட மேல்தோல்ல ரிசெப்டர்னு ஒண்ணு பாதி வெளிய பாதி உள்ளன்னு குத்திக்கிட்டு நிக்கும். வெளிப்பக்கம் அந்த வளர்ச்சி காரணி வந்து ஒட்டினா உள்பக்க வால் முழிச்சிக்கும், அது பக்கத்துல இருக்குற புரோட்டீன தட்டும், அது அடுத்தத தட்டும், இப்படியே ராஸ், ராஃப், மெக், எர்க்னு கை மாறி கை மாறி செய்தி நியூக்ளியஸ் வரைக்கும் போயி "பிரி"ன்னு ஜீனுக்கு உத்தரவு போகும்.

இதுல முதல் ஆள கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். ஸ்டான்லி கோஹன்னு ஒரு விஞ்ஞானி, எலியோட எச்சில் சுரப்பியில இருந்து எடுத்த சாற பொறந்த எலிக்குட்டிங்களுக்கு ஊசி போட்டு பாத்தாரு, குட்டிங்க வழக்கத்த விட பல நாள் முன்னாடியே கண்ண திறந்துடுச்சு. ஏன் இப்படின்னு தோண்டிப் போயி பிரிச்சு எடுத்ததுதான் இஜிஎஃப்ங்கற வளர்ச்சி காரணி. அதுக்கு அவருக்கும் ரீட்டா லெவி-மோண்டல்சினிக்கும் 1986ல நோபல் கிடைச்சது. இன்னைக்கு நுரையீரல் கேன்சர் ரிப்போர்ட்ல வர்ற இஜிஎஃப்ஆர், அந்த இஜிஎஃப்ப பிடிக்கிற ரிசெப்டர்தான்.

எங்க பாத்தாலும் கைனேஸ் கைனேஸ்னு வருதே, அது யாரு?

செல்லுக்கு சக்தி குடுக்குற ஏடிபிங்கற மூலக்கூறுல இருந்து ஒரு பாஸ்பேட்ட பிடுங்கி இன்னொரு புரோட்டீன் மேல ஒட்டி விடுற என்சைம். அவ்ளோதான் அதோட வேலை. ஆனா அந்த பாஸ்பேட் ஒட்டினதும் அந்த புரோட்டீனோட வடிவமே மாறும், தூங்கிட்டு இருந்தது வேலைய ஆரம்பிக்கும், இல்ல வேலை செஞ்சுட்டு இருந்தது நிக்கும். ஒட்டுறதுக்கு கைனேஸ், பிரிச்சு எடுக்க பாஸ்படேஸ். இப்படி ஒட்டிப் பிரிக்கிறதாலதான் செல்லுக்குள்ள கட்டுப்பாடு நடக்குதுன்னு காட்டினதுக்கு எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992ல நோபல் கொடுத்தாங்க. 2002ல மனுஷ ஜீனோம்ல இருக்குற கைனேஸ் எல்லாத்தையும் எண்ணி பட்டியல் போட்டப்போ 518 வந்துச்சு. அதுல டைரோசின்ங்கற அமினோ அமிலத்து மேல ஒட்டுற ரகம் வெறும் 90, கேன்சர் மருந்துங்க அதிகமா சுத்தி சுத்தி வர்றது இந்த 90 பக்கம்தான்.

கேன்சருக்கும் இதுக்கும் சம்பந்தம்னு எப்படி தெரிஞ்சுது?

கோழியில இருந்து. 1911ல பெய்டன் ரௌஸ், ஒரு கோழியோட கட்டிய அரைச்சு வடிகட்டி, செல் எதுவும் இல்லாத அந்த சாற இன்னொரு கோழிக்கு ஏத்தினாரு, அதுக்கும் கட்டி வந்துடுச்சு. அதுல ஒரு வைரஸ் இருந்துருக்கு. அவருக்கு நோபல் கிடைச்சது 1966ல, 55 வருஷம் காத்திருந்தாரு மனுஷன். அந்த வைரஸ்ல கட்டிய உண்டாக்குற ஜீன் பேரு சார்க். 1976ல பிஷப், வார்மஸ் டீம் தேடிப் பாத்தா அந்த ஜீன் வைரஸோடதே இல்ல, சாதாரண கோழி செல்லுல இருக்குற ஜீன வைரஸ் எப்பவோ தூக்கிட்டு போயி கெடுத்து வச்சிருக்கு. வெளிய இருந்து வந்த திருடன்னு நெனச்சு தேடினா வீட்டு ஆளு. மூணு வருஷம் கழிச்சு டோனி ஹண்டர், டைரோசின்ல பாஸ்பேட் ஒட்டுறதுன்னு ஒரு விஷயம் இருக்குன்னு கண்டுபிடிச்சாரு, சார்க் பண்றதும் அதேதான்னு தெரிய வந்துச்சு. ஆக கேன்சர் ஜீன்னு நாம சொல்றதுல பெரும்பாலானது நல்ல நாள்ல நமக்கு வேலை செய்யுற சிக்னல் புரோட்டீனுங்களோட ஜீன்தான்.

அது எப்படி கெட்டுப் போகுது?

வழி நெறைய இருக்கு. ஒண்ணு, ஒரே ஒரு எழுத்து மாறுறது. ராஸ் புரோட்டீன்ல 12வது இடத்துல கிளைசின் இருக்கணும், அங்க வேற ஏதாவது வந்து உக்காந்துட்டா ராஸ் தன்ன தானே அணைச்சுக்க முடியாம போயிடும், காலிங் பெல் பட்டன் அமுங்கி உள்ள சிக்கிக்கிட்ட மாதிரி. வாசல்ல யாருமே இல்ல, ஆனா மணி அடிச்சிக்கிட்டே இருக்கும். ரெண்டாவது, புரோட்டீன் நல்லாதான் இருக்கும் ஆனா அளவுக்கு மீறி இருக்கும், மார்பக கேன்சர்ல சுமார் 15ல இருந்து 20 சதவீதம் பேருக்கு ஹெர்2ங்கற ரிசெப்டரோட ஜீன் பல காப்பியா பெருகி செல் மேல ஹெர்2 அப்பிக்கிட்டு இருக்கும். மூணாவது, ரெண்டு வேற வேற ஜீன் உடைஞ்சு ஒட்டி ஒரு புது கலப்பு புரோட்டீன் பொறக்குறது. இது போக பிரேக் பிடிக்கிற ஆளுங்க காணாம போறது, பிடென், பி53 மாதிரி. பிரேக் கதைய கடைசி பக்கமா சொல்றேன், அது தனி தலைவலி.

இமாடினிப்ப பத்தி ஏன் எல்லாரும் இவ்ளோ பேசுறாங்க?

பேச வேண்டிய மருந்துதான். நாள்பட்ட மைலாய்ட் லுக்கேமியா, சுருக்கமா சிஎம்எல்னு ஒரு ரத்த கேன்சர். 1960ல ஃபிலடெல்ஃபியாவுல நோவெல், ஹங்கர்ஃபோர்டு ரெண்டு பேரும் இந்த நோயாளிங்க செல்லுல ஒரு குரோமோசோம் மட்டும் சின்னதா குட்டையா இருக்குறத பாத்தாங்க. ஜேனட் ரௌலி 1973ல அது தொலைஞ்சு போன துண்டு இல்ல, 9வது குரோமோசோமும் 22வதும் துண்ட மாத்திக்கிட்டு இருக்குன்னு காட்டினாங்க. அந்த ஒட்டு போட்ட இடத்துல பிசிஆர்-ஏபிஎல்னு ஒரு கலப்பு கைனேஸ் உருவாகுது, அது அணையவே அணையாது, வெள்ளை அணுக்கள் பெருகிக்கிட்டே போகும்.

அத அடைக்க மருந்து செய்யலாம்னு சொன்னப்போ நம்பினவங்க கம்மி. எல்லா கைனேஸுக்கும் ஏடிபி உக்கார்ற பள்ளம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒண்ண அடைச்சா 500ஐயும் அடைக்கும், ஆளே போயிடுவாருன்னு பயம். நிக்கோலஸ் லைடன் இருந்த டீம் செஞ்ச மூலக்கூற பிரையன் ட்ரூக்கர் நோயாளிங்களுக்கு குடுத்து பாத்தாரு. முதல் கட்ட ஆய்வுல தினமும் 300 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ எடுத்த 54 பேர்ல 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுசா சரியாச்சு. டோஸ் எவ்ளோ தாங்கும்னு மட்டும் பாக்குற கட்டம் அது, அந்த கட்டத்துல இப்படி ஒரு ரிசல்ட்ட யாரும் எதிர்பாக்கவே மாட்டாங்க. 2001 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. பெரிய ஆய்வுல இமாடினிப்ல ஆரம்பிச்சவங்கள்ல 10 வருஷம் கழிச்சு சுமார் 83 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க.

எப்படி மத்த கைனேஸ விட்டுச்சுன்னா, இமாடினிப் போயி உக்கார்றது ஏபிஎல் அணைஞ்சிருக்குற நிலையில. வேலை செய்யும்போது எல்லா கைனேஸும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், தூங்கும்போது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி படுத்திருக்கும். அந்த வித்தியாசத்துலதான் நுழைஞ்சுது. ஏபிஎல் போக கிட்னு ஒரு ரிசெப்டரையும் அது பிடிக்கும். அது தெரிஞ்சதும் வயித்துல வர்ற ஜிஸ்ட்னு ஒரு கட்டிக்கும் குடுத்தாங்க, கீமோ எதுக்கும் அசையாத அந்த கட்டி இதுக்கு சுருங்குச்சு.

அப்போ ரிப்போர்ட்ல அந்த புரோட்டீன் இருந்தாலே மருந்து வேலை செஞ்சுடுமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்ளோவும் எழுத உக்காந்தேன். இல்ல. புரோட்டீன் இருக்குங்கறது வேற, அந்த கேன்சர் அத நம்பி பொழைக்குதுங்கறது வேற. சிஎம்எல் ஆரம்ப நிலையில அந்த ஒரு கைனேஸ நம்பித்தான் மொத்த குடும்பமும் நடக்குது, அத எடுத்தா விழுந்துடும். எல்லா கேன்சரும் அப்படி ஒத்தக் கால்ல நிக்குறதில்ல.

ஜெஃபிடினிப் கதைய பாருங்க. இஜிஎஃப்ஆர அடைக்கிற மாத்திரை, 2003ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. நுரையீரல் கேன்சர் பலதுல இஜிஎஃப்ஆர் நெறைய இருக்கும், அதனால எல்லாருக்கும் குடுத்தாங்க. பத்துல ஒருத்தருக்கு சில வாரத்துல மூச்சு திரும்புச்சு, மத்தவங்களுக்கு ஒண்ணும் பெருசா நடக்கல. அந்த ஒருத்தர் யாருன்னு பாத்தா சிகரெட்டே தொடாதவங்க, பெண்கள், கிழக்காசியாக்காரங்கன்னு ஒரு சாயல் தெரிஞ்சுது, ஏன்னு புரியல. 2004ல அவங்க கட்டிய படிச்சு பாத்தப்போதான் வெளிச்சமாச்சு, அவங்களுக்கு இஜிஎஃப்ஆர்ல மியூட்டேஷன் இருக்கு, 19வது எக்ஸான்ல (ஜீனோட ஒரு பகுதி) ஒரு துண்டு விட்டுப் போயிருக்கு இல்லன்னா எல்858ஆர்னு ஒரு எழுத்து மாறியிருக்கு. அளவு முக்கியமே இல்ல, மாற்றம்தான் முக்கியம். 2009ல வந்த ஒரு பெரிய ஆய்வு இத பொட்டுல அடிச்ச மாதிரி காட்டுச்சு: மியூட்டேஷன் இருக்குறவங்களுக்கு மாத்திரை கீமோவ விட நல்லா கட்டுப்படுத்துச்சு, இல்லாதவங்களுக்கு அதே மாத்திரை கீமோவ விட மோசம். அதனால "அவருக்கு மாத்திரை குடுத்தாங்க, எங்களுக்கு ஏன் கீமோ"ன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்ல மியூட்டேஷன் இருக்கான்னு பாத்துக்கோங்க.

இன்னும் விசித்திரம் பி-ராஃப், மேல சொன்ன ராஃப் குடும்பத்துல ஒரு ஆளு. மெலனோமாங்கற தோல் கேன்சர்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு பி-ராஃப்ல மாற்றம் இருக்கும், அதுல பெரும்பாலும் வி600இங்கற அதே மாற்றம். 2011ல வந்த வெமுராஃபெனிப் குடுத்தா கட்டி கரையும், ரெசல்ட் படம் பாத்தா நம்பவே முடியாது. அதே வி600இ பெருங்குடல் கேன்சர்லயும் கொஞ்சம் பேருக்கு உண்டு, அதே மாத்திரைய குடுத்தா கட்டி கண்டுக்கவே இல்ல. காரணம் 2012ல புரிஞ்சுது. பி-ராஃப அடைச்சதும் பெருங்குடல் செல்லு இஜிஎஃப்ஆர் வழியா சிக்னல திரும்ப ஏத்திக்குது, மெலனோமா செல்லுல இஜிஎஃப்ஆர் பெருசா இல்லாததால அந்த சுத்து வழி அங்க கிடையாது. அதனால இப்ப பெருங்குடலுக்கு ரெண்டையும் சேத்து அடைக்கிறாங்க, பி-ராஃப அடைக்கிற எங்கோராஃபெனிப்போட இஜிஎஃப்ஆர அடைக்கிற செடுக்ஸிமாப், 2020ல அனுமதி ஆச்சு. ஒரே எழுத்துப் பிழை, ரெண்டு உறுப்பு, ரெண்டு பதில்.

மருந்து பேரெல்லாம் வாய்ல நுழைய மாட்டேங்குது, -நிப் -மாப்னு முடியுதே?

அந்த வால்தான் உங்களுக்கு உதவி. -நிப்னு முடிஞ்சா கைனேஸ மாதிரி என்சைம அடைக்கிற சின்ன மூலக்கூறு, செல்லுக்குள்ள நுழையும், பெரும்பாலும் மாத்திரை. -மாப்னு முடிஞ்சா ஆன்டிபாடி, பெரிய சைஸ், செல்லுக்குள்ள நேரா போகாது, வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறதத்தான் பிடிக்கும், ஊசியாவோ ட்ரிப்பாவோதான் போகும். மாத்திரையா குடுத்தா வயிறு அத செரிச்சிடும்.

ஹெர்2க்கு வந்த ட்ராஸ்டுஸுமாப் 1998ல அனுமதி வாங்குன -மாப். ஹெர்2 அதிகமா இருந்தா நோய் வேகமா திரும்புதுன்னு டென்னிஸ் ஸ்லேமன் 1987லயே எழுதிட்டாரு, அதுக்கப்புறம் 11 வருஷம் ஆச்சு மருந்தா வர்றதுக்கு. அது வர்றதுக்கு முன்னாடி ஹெர்2 பாசிட்டிவ்னா கெட்ட செய்தி, வந்ததுக்கு அப்புறம் "அப்பாடா, மருந்து இருக்கு"ன்னு சொல்ற செய்தி.

இப்ப நான் மேல சொன்னத நானே கொஞ்சம் திருத்தணும். ட்ராஸ்டுஸுமாப் டெருக்ஸ்டெகான்னு ஒண்ணு இருக்கு, ஆன்டிபாடி முதுகுல கீமோ மருந்த கட்டி அனுப்புறது. இங்க கேன்சர் ஹெர்2வ நம்பி பொழைக்கணும்னு அவசியமே இல்ல, ஹெர்2 வாசல்ல ஒரு அட்ரஸ் போர்டு மாதிரி இருந்தா போதும், மருந்து அத பாத்து உள்ள போயிடும், பக்கத்து செல்லுக்கும் கொஞ்சம் பரவும். அதனாலதான் முன்ன நெகட்டிவ்னு ஒதுக்கின "ஹெர்2 லோ" ஆளுங்களுக்கும் 2022ல இது அனுமதி ஆச்சு. பழைய ரிப்போர்ட்ல 1+ இருந்தவங்க அத தூக்கி போட்டுடாதீங்க.

1+, 2+, 3+னா என்ன? எத்தனை டெஸ்ட்டுதான் எடுக்க சொல்வாங்க?

திசுவுக்கு சாயம் போட்டு ஹெர்2 எவ்ளோ அடர்த்தியா தெரியுதுன்னு மைக்ராஸ்கோப்ல பாத்து போடுற மார்க் அது. 3+ பாசிட்டிவ், 0வும் 1+ம் நெகட்டிவ் பக்கம், 2+ வந்தா ரெண்டும்கெட்டான், ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட்ல ஜீன் காப்பிய எண்ணி முடிவு பண்ணுவாங்க. மியூட்டேஷன் தேடுறது வேற டெஸ்ட், இப்ப என்ஜிஎஸ்னு ஒரே தடவையில பல ஜீன படிக்கிற முறை வந்துடுச்சு. ரத்தத்துல கட்டியோட டிஎன்ஏ துணுக்கு மிதக்கும், அத படிக்கிறது லிக்விட் பயாப்ஸி. அதுல பாசிட்டிவ் வந்தா நம்பலாம், நெகட்டிவ் வந்தா மியூட்டேஷன் இல்லன்னு அர்த்தம் எடுக்கக் கூடாது, ரத்தத்துக்கு துணுக்கு பத்தாம கூட இருந்திருக்கலாம்.

மியூட்டேஷன் இருக்குன்னா என் பிள்ளைங்களுக்கும் வருமா?

இங்க பேசுற இஜிஎஃப்ஆர், பி-ராஃப், கே-ராஸ் மாற்றமெல்லாம் கிட்டத்தட்ட எப்பவும் கட்டிக்குள்ள மட்டும் உண்டானது, வாழ்நாள்ல ஏதோ ஒரு செல்லுல நடந்த பிழை. பிள்ளைங்களுக்கு போகாது. பிஆர்சிஏங்கற ஜீன் மாற்றம் மாதிரி பரம்பரையா வர்றது வேற கணக்கு, அதுக்கு தனி டெஸ்ட், தனி ஆலோசனை இருக்கு.

கே-ராஸுக்கு மருந்தே கிடையாதுன்னு படிச்சேனே?

பழைய செய்தி. கே-ராஸ்ங்கறது ராஸ் குடும்பத்துல ஒரு ஆளு. மனுஷ கேன்சர்ல ராஸ் மியூட்டேஷன 1982லயே கண்டுபிடிச்சாச்சு, முதல் கே-ராஸ் மருந்து சோடோராசிப் அனுமதியானது 2021 மே. இடையில 39 வருஷம். விஞ்ஞானிங்க சும்மா உக்காந்திருக்கல. ராஸ் ஒரு வழவழ பந்து, மருந்து போயி ஒட்ட பள்ளமே தெரியாது, இருக்குற ஒரே பள்ளத்துல ஜிடிபிங்கற மூலக்கூறு அவ்ளோ கெட்டியா பிடிச்சிருக்கும், செல்லுக்குள்ள அது வேற கொட்டிக் கிடக்கும். அத தள்ளிட்டு உக்கார்றது ஆகாத காரியம்.

கெவன் ஷோகட் லேப் 2013ல ஒரு வழி கண்டாங்க. ஜி12சிங்கற மாற்றத்துல 12வது இடத்துல சிஸ்டீன் வருது, சிஸ்டீன்ல கந்தகம் இருக்கு, கெமிஸ்ட்டுக்கு அது ஒரு கொக்கி. அந்த கொக்கியில நிரந்தரமா மாட்டிக்கிற மூலக்கூற செஞ்சு, ராஸ் அணைஞ்சிருக்குற நொடியில பிடிச்சு அப்படியே பூட்டிடுறது. நல்ல ராஸ்ல அந்த சிஸ்டீன் கிடையாதுங்கறதால நல்ல செல்ல அது தொடாது. பாம்பும் சாகணும் தடியும் உடையக்கூடாதுன்னு சொல்வாங்களே, அதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது. ஆனா ஜி12சி நுரையீரல் கேன்சர்ல, முக்கியமா புகை பிடிச்சவங்களுக்குத்தான் அதிகம். கணையத்துல பத்துல ஒம்போது பேருக்கு கே-ராஸ் மாற்றம் இருந்தும் பெரும்பாலும் ஜி12டி, ஜி12வி, கொக்கி இல்லாத ரகம், அதனால இந்த மருந்து அங்க ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான் பொருந்தும்.

இன்னொரு விஷயம், பெருங்குடல் கேன்சர்ல "ராஸ் வைல்ட் டைப்"னா, அதாவது ராஸ்ல மாற்றம் இல்லன்னா, நல்ல சேதி. செடுக்ஸிமாப் மேல ரிசெப்டர அடைக்குது, கீழ ராஸே கெட்டு தன்னால ஓடிட்டு இருந்தா மேல அடைச்சு என்ன புண்ணியம்.

மருந்து நல்லா கேட்டுச்சு, ஒரு வருஷத்துல திரும்ப வளந்துடுச்சே, ஏன்?

ரொம்ப பேர் "மருந்து தரம் சரியில்ல", "நான் ஒரு நாள் மறந்துட்டேன்"னு தன்னையே திட்டிக்குறாங்க, பெரும்பாலும் காரணம் அது இல்ல. கட்டியில கோடிக்கணக்குல செல் இருக்கு, அதுல ஒண்ணு ரெண்டுல மருந்துக்கு மசியாத மாற்றம் பல நேரம் மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இருக்கும். மருந்து மத்ததெல்லாம் அழிச்சு அந்த ஒண்ணுக்கு இடம் காலி பண்ணி குடுத்துடுது. ஒரு வகையில மருந்து வேலை செஞ்சதாலதான் அது வெளிய தெரியுது.

எப்படி மசியாம போகுதுன்னா, இமாடினிப் உக்கார்ற வாசல்லயே டி315ஐன்னு ஒரு மாற்றம் வந்து வழிய அடைக்கும், அதுக்கு பொனாடினிப் வந்துச்சு, அப்புறம் 2021ல அசிமினிப், இது ஏடிபி பள்ளத்துக்கே போகாம ஏபிஎல்லோட வேற ஒரு மூலையில போயி பிடிக்கும், ரொம்ப சாமர்த்தியமான மருந்து. ஜெஃபிடினிப், எர்லோடினிப் எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல டி790எம்ங்கற மாற்றம் வரும், அதுக்காகவே செஞ்ச ஒசிமெர்டினிப் 2015ல வந்துச்சு, நல்லா கேட்டதால இப்ப முதல்லயே அத குடுக்குறாங்க, அதுக்கும் சி797எஸ்னு ஒரு பதில் கேன்சர் வச்சிருக்கு. இல்லன்னா இஜிஎஃப்ஆர விட்டுட்டு மெட்ங்கற வேற ரிசெப்டர பெருக்கிக்கும். சில நேரம் கட்டி ஆளே மாறி சிறு செல் கேன்சரா வந்து நிக்கும், அப்ப மருந்து வரிசையே வேற. அதனாலதான் நோய் திரும்ப வளரும்போது டாக்டர் மறுபடி பயாப்ஸி கேக்குறாரு, பணம் பிடுங்க இல்ல.

ரெண்டு மருந்து சேத்து குடுக்குற யோசனையும் இதுல இருந்துதான். பி-ராஃப் மருந்தோட மெக் மருந்த சேத்தா நோய் அடங்கி இருக்குற காலம் நீளுது. அதுல ஒரு வேடிக்கை, பி-ராஃப் மருந்து தனியா போனா நல்ல பி-ராஃப் இருக்குற தோல் செல்லுல சிக்னல் குறையாம கூடிடும், அதனால சிலருக்கு தோல்ல சின்ன சின்ன வேற கட்டி வந்துச்சு, மெக்க சேத்ததும் அது கம்மியாச்சு. ரெண்டு மருந்து சேந்தா சைடு எஃபெக்ட் கூடும்னுதான் நெனப்போம், இந்த ஒரு விஷயத்துல குறைஞ்சுது.

இதுல சைடு எஃபெக்ட் கிடையாதுன்னாங்க, முகமெல்லாம் பரு வந்திருக்கே?

கிடையாதுன்னு யார் சொன்னாலும் தப்பு. கீமோ மாதிரி இல்ல, ஆனா உண்டு, எந்த புரோட்டீன அடைக்கிறோமோ அது நல்ல உடம்புல எங்க வேலை செய்யுதோ அங்க வரும். இஜிஎஃப்ஆர் தோலுக்கும் குடலுக்கும் வேணும், அதனால பரு மாதிரி கொப்புளம், வயித்துப்போக்கு. ஹெர்2 இதய தசைக்கு வேணும், அதனால ட்ராஸ்டுஸுமாப் எடுக்கும்போது நடுநடுவுல எக்கோ எடுப்பாங்க. பெவாசிஸுமாப் ரத்தக்குழாய் வளர்ற சிக்னல அடைக்கும், அதனால பிரஷர் ஏறும், புண்ணு ஆற லேட்டாகும், ஆபரேஷன் தேதிக்கு முன்னாடி நிறுத்தி வைப்பாங்க. ஆல்பெலிசிப் அடைக்கிற பிஐ3கேங்கற கைனேஸ் இன்சுலின் சிக்னல்லயும் இருக்கு, சுகர் எகிறும்.

இந்த வரிசையில எனக்கு மறக்கவே முடியாதது ஹெட்ஜ்ஹாக் சிக்னல். அமெரிக்காவுல இடாஹோ பக்கம் 1950கள்ல ஆட்டுக்குட்டிங்க நெத்தியில ஒத்தக் கண்ணோட பொறந்துச்சு, காரணம் தேடினப்போ சினை ஆடுங்க மேஞ்ச ஒரு காட்டுச் செடி. அதுல இருந்த பொருளுக்கு சைக்ளோபமின்னு பேரு வச்சாங்க. கருவுல முகத்த ரெண்டு பக்கமா பிரிச்சு அமைக்கிற ஹெட்ஜ்ஹாக் சிக்னல அது அடைக்குதுன்னு பல வருஷம் கழிச்சு தெரிஞ்சுது. பேசல் செல்ங்கற தோல் கேன்சர் இதே சிக்னல நம்பி வளருது, அந்த வழியிலயே யோசிச்சு செஞ்ச விஸ்மோடெகிப் 2012ல வந்துச்சு. பெரியவங்களுக்கு தசைப்பிடிப்பு, முடி கொட்டுறது, நாக்குல ருசி போறது வரும், கர்ப்பமா இருக்குறவங்க கண்டிப்பா எடுக்கக் கூடாது, ஏன்னு அந்த ஆட்டுக்குட்டி சொல்லும்.

மாத்திரைதானே, வேற மருந்தோட சேத்து எடுக்கலாமா?

கேக்காம எடுக்காதீங்க. இந்த -நிப் மாத்திரைங்க நெறைய, கல்லீரல்ல சிஒய்பி3ஏ4ங்கற ஒரே என்சைம்ல உடையும். கிரேப்ஃப்ரூட் அந்த என்சைம அமுக்கும், ரத்தத்துல மருந்து ஏறிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கற மூலிகை அத தூண்டும், மருந்து இறங்கிடும். மூலிகைன்னா பக்க விளைவு இல்லன்னு நெனச்சு டாக்டர்கிட்ட மறைக்கிறவங்க இத கவனிங்க. நெஞ்செரிச்சல் மாத்திரை கூட பிரச்சனைதான், எர்லோடினிப், ஜெஃபிடினிப், டாசாடினிப் மாதிரி சிலது வயித்துல ஆசிட் இருந்தாத்தான் ஒழுங்கா கரையும்.

வாழ்நாள் முழுக்க எடுக்கணுமா?

பரவின கேன்சருக்கு மருந்து கேக்குற வரைக்கும், தாங்குற வரைக்கும்னுதான் பொதுவா. ஆரம்ப நிலை ஹெர்2 பாசிட்டிவுக்கு ட்ராஸ்டுஸுமாப் வழக்கமா ஒரு வருஷம். சிஎம்எல்ல மட்டும் ஒரு நல்ல விதிவிலக்கு, பல வருஷம் மருந்து எடுத்து பிசிஆர்-ஏபிஎல் டெஸ்ட்ல ரொம்ப ஆழமா அடங்கி இருந்தவங்க, டாக்டர் கண்காணிப்புல நிறுத்தி பாத்தா ஏறக்குறைய பாதி பேருக்கு திரும்ப வர்றதில்ல. வந்தாலும் பெரும்பாலும் முதல் ஆறேழு மாசத்துல தெரிஞ்சிடும், திரும்ப மாத்திரைய ஆரம்பிச்சா அடங்கிடுது. தானா நிறுத்தி பாக்குறது இதுல சேராது.

இம்யூனோதெரபியும் இதுதானா?

தூரத்து சொந்தம். பிடி-1னு டி செல் மேல இருக்குற ஒரு பிரேக் ரிசெப்டர் சிக்னல அடைக்கிறாங்க, ஆனா குறி கேன்சர் செல்லோட வளர்ச்சி சிக்னல் இல்ல, எதிர்ப்பு செல்லோட தயக்கம். ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018ல நோபல் வாங்கினது இந்த மாதிரி பிரேக்குங்களுக்குத்தான். இஜிஎஃப்ஆர் மியூட்டேஷன் இருக்குற நுரையீரல் கேன்சருக்கு இம்யூனோதெரபி தனியா குடுத்தா பொதுவா சரியா கேக்குறதில்ல, அதனால ரெண்டும் நல்ல மருந்துதானேன்னு எதையாவது ஒண்ண முதல்ல ஆரம்பிக்கிறது சரி வராது, மியூட்டேஷன் ரிசல்ட் வர்ற வரைக்கும் முடிஞ்சா பொறுக்கணும்.

பி53தான் அதிகமா கெடுதுன்னு சொல்றாங்க, அதுக்கு ஏன் மருந்து இல்ல?

கிட்டத்தட்ட பாதி கேன்சர்ல அது கெட்டிருக்கு, உண்மைதான். ஆனா அது பிரேக். அளவுக்கு மீறி ஓடுற புரோட்டீன அடைக்க மருந்து செய்யலாம், இல்லாம போன புரோட்டீன எத வச்சு அடைக்கிறது? தொலைஞ்சத திரும்ப கொண்டு வரணும், அது ரொம்ப கஷ்டமான வேலை. அதனால சுத்தி வளைச்சு போறாங்க, பிரேக் போனா அதுக்கு கீழ யாரு வேகமா ஓடுறாங்களோ அவங்கள பிடிக்கிறது. செல் பிரியுறதுக்கு கேட்ட திறக்குற சிடிகே4, சிடிகே6ஐ அடைக்கிற பால்போசிக்லிப் 2015ல வந்து ஹார்மோன் பாசிட்டிவ் மார்பக கேன்சர் வைத்தியத்த மாத்துச்சு. அதுக்கும் ஆர்பிங்கற இன்னொரு பிரேக் நல்லா இருக்கணும், ஆர்பி இல்லன்னா திறந்து கிடக்குற கேட்டுக்கு பூட்டு வாங்கின கதை.

எங்க ரிப்போர்ட்ல எந்த மியூட்டேஷனும் இல்லன்னு வந்துச்சு, வாய்ப்பு போச்சா?

முதல்ல அது உண்மையிலேயே "இல்ல"வா, இல்ல "பாக்க முடியல"வான்னு கேளுங்க. திசு பத்தலன்னா, கட்டி செல் கம்மியா இருந்தா ரிசல்ட் சும்மா காலியா வரும், நெறைய பேர் அத நெகட்டிவ்னு படிச்சிடுறாங்க. எத்தனை ஜீன் பாத்தாங்கன்னும் கேளுங்க, சில பேனல்ல நாலஞ்சு ஜீன்தான் இருக்கும். ஏஎல்கே, ரெட், என்டிஆர்கே மாதிரி ஜீன் ஒட்டிக்கிட்ட ரகத்த டிஎன்ஏ டெஸ்ட் சில நேரம் தவற விடும், ஆர்என்ஏல பாத்தா மாட்டும். என்டிஆர்கே ரொம்ப அபூர்வம்தான், ஆனா இருந்தா எந்த உறுப்புன்னு பாக்காமலே லாரோட்ரெக்டினிப் குடுக்கலாம், 2018ல அப்படித்தான் அனுமதியே குடுத்தாங்க. இதெல்லாம் பாத்தும் ஒண்ணும் இல்லன்னா கீமோ, ஹார்மோன், இம்யூனோதெரபி, ரேடியேஷன்னு மத்த வழியில டாக்டர் போவாரு. அந்த பயாப்ஸி பிளாக்க (திசுவ மெழுகுல பதிச்ச கட்டி) மட்டும் லேப்ல இருந்து கேட்டு பத்திரமா வச்சுக்கோங்க, புது மருந்து வரும்போது திரும்ப டெஸ்ட் பண்ண அதுதான் வேணும்.